காரைத் தூரத்துக்குக் கட்டி இழுக்கும் முன்: டாலி எங்கே போதும், எங்கே போதாது

"அண்ணே, வண்டி சாத்தூர் தாண்டி நிக்குது. மதுரைக்குக் கொண்டுவர எவ்வளவு கேப்பீங்க?" போனை எடுத்ததும் பெரும்பாலும் இதுதான் முதல் கேள்வி. என்ன வண்டி, கியரா ஆட்டோமேட்டிக்கா என்று நான் திருப்பிக் கேட்டால், "அதெல்லாம் எதுக்குண்ணே, கட்டி இழுத்துட்டு வர்றதுதானே" என்பார்கள். வாடகையைவிட முக்கியமான விஷயமே அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பழுதான காரைக் கொண்டுவரும் ரெக்கவரி வண்டிகளில் முழுக் காரையும் மேலே ஏற்றிக்கொள்ளும் ஃபிளாட்பெட் ஒன்று. இன்னொன்று, பின்னால் இரும்புக் கையை நீட்டி இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்குவது. தூக்காத இரண்டும் ரோட்டில் உருண்டுகொண்டு வரும். அவை உருளக் கூடாத சக்கரங்களாக இருந்தால் அடியில் கொடுப்பதுதான் டாலி: இரண்டு குறுக்குக் கம்பி, நாலு சின்ன டயர். வெளிநாட்டு வீடியோக்களில் சொந்தக் காரின் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற டாலியைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படிச் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நம்மூர் சின்னக் கார்களின் கிளட்சும் பிரேக்கும் இன்னொரு காரின் பாரத்தையும் சேர்த்துத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அந்த டாலியோடு ரிவர்ஸ் எடுக்கவும் முடியாது, மடங்கிக்கொள்ளும். வேண்டாம்.

சரி, எந்தச் சக்கரம் உருளலாம்? எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறதோ அதைத் தூக்க வேண்டும். ஆல்டோ, ஸ்விஃப்ட், ஐ10, எர்டிகா எல்லாம் முன்சக்கர வண்டிகள். முன்னால் தூக்கி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டால் பின்சக்கரம் பாட்டுக்கு உருண்டு வரும். பொலேரோ, ஸ்கார்பியோ, ஈகோ பின்சக்கர வண்டிகள். இன்னோவா என்று மட்டும் சொன்னால் எங்களுக்குப் போதாது: கிரிஸ்டா பின்சக்கர வண்டி, ஹைகிராஸ் முன்சக்கர வண்டி.

கிளட்ச் போய் கோவில்பட்டியில் நின்ற ஒரு பொலேரோவை, முன்பக்கம் தூக்கி, பின்சக்கரம் உருள உருள மதுரைக்கு இழுத்து வந்து என் பட்டறையில் விட்டார்கள். கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். கிளட்சை மாற்றி ஓட்டிப் பார்த்தால் கியர்பாக்ஸ் கத்துகிறது. "நியூட்ரல்லதானே போட்டிருந்தோம்" என்றார் வண்டிக்காரர். போட்டிருந்ததும் உண்மைதான். ஆனால் பின்சக்கரம் உருளும்போது கியர்பாக்ஸையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றும், அதோடு கியர்பாக்ஸின் வெளித்தண்டும் சுற்றும். எண்ணெயை வாரி மேலே தெளிக்கிற கீழ்த்தண்டு, எஞ்சின் ஓடாததால் சும்மா நிற்கும். உள்ளே இருக்கும் பேரிங்குகள் காய்ந்துபோய்ச் சுற்றும். மதுரைக்குள்ளேயே மாட்டுத்தாவணியிலிருந்து சிம்மக்கல் வரை என்றால் ஒன்றும் தெரியாது. தூரம் போகப் போகத்தான் அடி விழும். ஷாஃப்டைக் கழற்ற அரைமணி நேரம் செலவழித்திருக்கலாம், அல்லது பின்னால் டாலி கொடுத்திருக்கலாம்.

ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இது இன்னும் மோசம். கியர்பாக்ஸுக்கு எண்ணெய் அனுப்பும் பம்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது. எஞ்சின் நின்றால் எண்ணெயும் நின்றுவிடும். கிளட்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டி பேட்டரி செத்து கியரிலேயே மாட்டியிருக்கலாம். பட்டனில் வேலை செய்யும் ஹேண்ட்பிரேக்கும் கரண்ட் இல்லாமல் விடாது. அதனால் பூஸ்டர் கேபிள் இல்லாமல் நாங்கள் கிளம்புவதே இல்லை. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கும் மின்சாரக் காருக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: ஃபிளாட்பெட். மின்சாரக் காரின் சக்கரம் உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுற்றி கரண்ட் உண்டாக்கும். அது வீண்செலவில் கொண்டுபோய் விடும்.

டாலி போட்டாச்சு, கவலையில்லை என்று நினைப்பதுதான் அடுத்த தப்பு. கார் டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் இந்தக் குட்டி டயர் ஏறக்குறைய ஒன்றரைச் சுற்றுச் சுற்றும். சித்திரை வெயிலில் கப்பலூர் டோல்கேட் பக்கம் ரோட்டில் கால் வைக்க முடியாது. அந்தச் சூட்டில் காற்று குறைந்த டயரும் கிரீஸ் காய்ந்த பேரிங்கும் எவ்வளவு நேரம் தாங்கும்? கிளம்பும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று பார்க்க வேண்டும். போகும் வழியில் நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். அனல் அடித்தாலோ கிரீஸ் கருகும் வாடை வந்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான்.

கார் டயரைப் பிடித்துக் கட்டும் பெல்ட்டும் அப்படித்தான். கட்டும்போது இறுக்கமாகத்தான் இருக்கும். நாலு வேகத்தடை ஏறி இறங்கியதும் டயர் அமர்ந்து பெல்ட் தளர்ந்துவிடும். முதல் 10, 15 கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். இதைச் செய்யாத டிரைவரிடம் வண்டியை ஒப்படைக்காதீர்கள். நூல் பிரிந்த பெல்ட், வெயிலில் வெளுத்துப்போன பெல்ட் இரண்டையும் கண்டால் வேறு கேட்டு வாங்குங்கள். பெல்ட் டயரின் மேல்தான் போக வேண்டும், பம்பரிலோ சஸ்பென்ஷன் கம்பியிலோ அல்ல.

டாலிக்குப் பிரேக் கிடையாது. பின்னால் வரும் காரின் பிரேக்கை மிதிக்கவும் ஆள் கிடையாது. மொத்தப் பாரத்தையும் முன்னால் போகும் வண்டியே நிறுத்த வேண்டும். பின்னால் தூக்குவதால் அதன் முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டியரிங்கும் லேசாகிவிடும். நாலுவழிச்சாலையே ஆனாலும் 50-க்கு மேல் நான் போவதில்லை. கொடைக்கானல் இறக்கம், போடிமெட்டு வளைவுகளில் டாலி என்ற பேச்சுக்கே இடமில்லை. சமதரையிலும் திண்டுக்கல்லுக்கு அந்தப்பக்கம் போவதென்றால் ஃபிளாட்பெட்டைத்தான் சொல்வேன். எனக்கு வாடகை கூடக் கிடைக்கும் என்பதற்காகச் சொல்வதாக நினைத்தாலும் பரவாயில்லை.

இழுத்து வரும் காருக்குள் யாரையும் உட்கார விடாதீர்கள். "பாட்டிக்கு முடியலை, உள்ளேயே இருக்கட்டும்" என்று கெஞ்சுவார்கள். பெல்ட் அறுந்தால் பாட்டியால் என்ன செய்ய முடியும்? கயிற்றில் கட்டி இழுக்கும்போது மட்டும், இழுபடும் வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. இருட்டிவிட்டால் பின்னால் தனியாக விளக்குப் பட்டை மாட்டச் சொல்லுங்கள். செத்த பேட்டரியோடு வரும் காரின் பின்விளக்கு எரியாது. பின்னால் வரும் லாரிக்காரருக்கு முன்னே போகும் ரெக்கவரி வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரியும்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் முதலில் 1033-க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அவர்கள் அனுப்பும் கிரேன் வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தும், ஊர்வரை கொண்டுவராது. இன்சூரன்ஸோடு சாலை உதவி எடுத்திருந்தால் எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம், ஃபிளாட்பெட் அனுப்புவார்களா என்று இரண்டையும் கேளுங்கள். அப்புறம், தூக்கும் முன் நாலு பக்கமும், பம்பரின் அடிப்பக்கமும், கிலோமீட்டர் மீட்டரும் தெரிய போட்டோ எடுத்து டிரைவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒழுங்காக வேலை செய்கிற டிரைவர் இதற்குக் கோபப்பட மாட்டார். நாங்களே எடுத்து வைத்துக்கொள்வதுதான்.