அதே மாடல்தான், ஆனால் அதே ரேம் இல்லை

"லேப்டாப்புக்கு ரேம் வாங்கியாச்சு அண்ணே, மாட்டிக் கொடுங்க." என் கடைக்கு இப்படி வருகிறவர்களில் பாதிப்பேரிடம், வாங்குவதற்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. போன வாரம் வந்த பாலிடெக்னிக் மாணவர் கடைக்கு வருமுன் தானே மாட்டிப் பார்த்திருந்தார். டிடிஆர்4 வகை ரேமுக்கான ஸ்லாட்டில் அடுத்த தலைமுறை டிடிஆர்5 ரேம். ஏறவில்லை என்றதும் விட்டிருக்கலாம்; பலம் கொடுத்து அழுத்தியிருக்கிறார். ஸ்லாட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு உடைந்து, பக்கத்துப் பின்கள் வளைந்து கிடந்தன. ரேம் செலவு போக, இப்போது மதர்போர்டு செலவும்.

ஏன் தம்பி என்றால், "ஃபிரெண்டும் இதே மாடல்தான் அண்ணே வச்சிருக்கான். அவனோடது டிடிஆர்5."

இந்த 'இதே மாடல்' பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. லேப்டாப் மூடியில் இருப்பது குடும்பப் பெயர்தான். அதே பெயரில் ஒவ்வொரு வருடமும் வேறு வேறு மதர்போர்டு வரும். ஒரே வருடத்தில்கூட ஒன்றில் இரண்டு ஸ்லாட் இருக்கும். இன்னொன்றில் 8 ஜிபி போர்டிலேயே பற்றவைத்து, கூடுதலாக ஒரு ஸ்லாட் மட்டும் இருக்கும். மூன்றாவதில் ஸ்லாட்டே இருக்காது. சரி, பிராசஸர் ஒன்றுதானே என்பார்கள். இன்டெல் 12ஆம் தலைமுறை பிராசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். எதை வைப்பது என்று முடிவு செய்கிறவர் லேப்டாப் தயாரிப்பாளர். ஆகவே பிராசஸர் பெயரும் சாட்சி ஆகாது. லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் முழு எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எந்த வகை ரேம், அதிகபட்சம் எத்தனை ஜிபி என்று அங்கேயே இருக்கும்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தையும் பாருங்கள். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாட்டக்கூடிய ரேம் இருக்கிறது. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் போர்டில் பற்றவைத்தது. அதன் பக்கத்திலேயே ஸ்லாட் எண்ணிக்கையும் காட்டும், அதை நம்பி ஏமாறாதீர்கள். பற்றவைத்த சிப்களையும் சில நேரம் ஸ்லாட் என்றே எண்ணும். ஆப்பிளின் எம் வரிசை சிப் உள்ள மேக்புக்காரர்கள் கடைக்கே வர வேண்டாம், அதில் கூட்டவே முடியாது.

பழைய லேப்டாப்காரர்களுக்கு வேறொரு பொறி. டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டுக்கும் ரேமின் விளிம்பில் இருக்கும் வெட்டு ஒரே இடத்தில்தான், அதனால் அழகாக உட்காரும். ஆனால் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் டிடிஆர்3 ரேமைப் போட்டால் திரை வராது. லேபிளில் 'பிசி3' என்பதற்குப் பிறகு 'எல்' இருக்கிறதா என்று பாருங்கள்.

மெகாஹெர்ட்ஸ் கூடினால் வேகம் கூடும் என்று காசைக் கொட்டாதீர்கள். 2400 வரை மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் 3200 ரேம் போட்டாலும் அது 2400இல்தான் ஓடும். கெடுதல் இல்லை, பயனும் இல்லை. அந்தக் காசுக்கு ஜிபியைக் கூட்டலாம்.

சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், லேப்டாப்பின் முழு எண்ணைச் சொல்லி, பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். 2012 முதல் இங்கே நடப்பில் உள்ள லெமன் சட்டம் பழுதான பொருளுக்குத்தான். நீங்கள் தப்பாகத் தேர்ந்தெடுத்ததற்கு அது வராது. கேரோசல் செயலியில் தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

வீட்டிலேயே மாட்டுகிறீர்களா? ஸ்லீப்பில் வைக்காமல் முழுதாக அணையுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்றுங்கள். ரேமைச் சாய்வாக நுழைத்து, கிளிப் 'டிக்' என்று பிடிக்கும்வரை கீழே அமர்த்த வேண்டும். வெட்டு பொருந்தவில்லை என்றால் தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். டிடிஆர்5 என்றால் முதல்முறை போடும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். புது ரேமை லேப்டாப் பழகிக்கொள்கிறது; அதற்குள் பவர் பட்டனை அழுத்திவிட்டு எனக்கு போன் போடாதீர்கள்.