எடையோடு இடுப்பையும் அளவிடுங்கள்: உடல் பருமனும் சிகிச்சையும்

உயரம் 160 செ.மீ., எடை 66 கிலோ. பார்ப்பவர்கள் "பூசினாற்போல் இருக்கிறார்" என்பார்கள். கணக்குப் போட்டால் பி.எம்.ஐ. (கிலோ எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 25.8. உலக அளவுகோலில் இது சற்றுக் கூடுதல் எடை. இந்தியர்களுக்கான அளவுகோலிலோ 23-லேயே எச்சரிக்கை தொடங்கிவிடும், 25-ஐத் தொட்டால் உடல் பருமன். நமக்கு ஏன் இந்தக் கண்டிப்பு? அதே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிட நம் உடலில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் ஒட்டிச் சேர்கிறது. கை கால் ஒல்லியாக, தொப்பை மட்டும் முன்னால் இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் இளவயதிலேயே வருவது இதனால்தான்.

ஆகவே எடை மெஷினோடு தையல் டேப்பும் வேண்டும். அளக்கும் இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும். அந்த அளவு உதவாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை வெளியே விட்டதும் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. கொழுப்பு அமிலங்களைக் கல்லீரலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்ய முடியாமல் போகிறது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, கொழுப்புக் கல்லீரல், மாரடைப்பு எல்லாம் இந்த வழியில் வருபவை. கருப்பை, பெருங்குடல் புற்றுநோய்களுக்கும், மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோய்க்கும் பருமன் ஒரு காரணம். குறட்டையை யாரும் நோயாக நினைப்பதில்லை. பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, திணறித் தொடர்கிறதென்றால், பகலில் தூக்கம் சொக்குகிறதென்றால், தூக்கப் பரிசோதனை அவசியம். வண்டி ஓட்டுபவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

எவ்வளவு குறைத்தால் பலன்? 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு கரையத் தொடங்குகிறது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டுக்குச் சுமார் 4 கிலோ சுமை குறைகிறது. 2006-இல் வெளியான இந்திய ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள் உணவையும் நடையையும் மாற்றியதில், எடை பெரிதாகக் குறையாமலேயே நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெஷின் முள் நகரவில்லை என்று நடையை நிறுத்திவிடுபவர்களுக்காகவே இதைச் சொல்கிறோம்.

உணவில் முதலில் எண்ணெயைக் கணக்கெடுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் தீர்ந்தால் ஒருவருக்கு நாளைக்கு 40 மில்லிக்கு மேல். ஒருவருக்கு மாதம் அரை லிட்டராக்கினால், வேறெதையும் தொடாமலே நாளுக்குச் சுமார் 200 கலோரி மிச்சம். அடுத்தது புரதம். மூன்று வேளையும் அரிசியே தட்டை நிரப்பினால் பசி சீக்கிரம் திரும்பும். முட்டை, மீன், சுண்டல், கெட்டியான பருப்பு, தயிர் என ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். நடையோடு வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் தசை கரையும், பித்தப்பையில் கல் சேரும். வாரத்துக்கு அரை கிலோ போதும்.

குறைத்த எடை திரும்பி வருவதை மனவுறுதிக் குறைவு என்று ஏசுவது அநியாயம். கொழுப்பு குறைந்ததும் பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்குகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, ஓய்வில் உடல் செலவிடும் கலோரியும் சுருங்குகிறது. பழைய எடைக்குத் திரும்ப உடலே இழுக்கிறது. மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் இடமிருப்பது இதனால்தான்.

எடைக் குறைப்புக்கான செமாகுளூடைடு, டிர்செபடைடு ஊசிகள் 2025-இல் இந்தியாவுக்கு வந்தன. ஆய்வுகளில் உயர்ந்த அளவில், ஒன்றரை ஆண்டுக்குள் முதலாவதில் சராசரி 15 சதவீதமும், இரண்டாவதில் சுமார் 20 சதவீதமும் எடை குறைந்தது. செமாகுளூடைடை வாரம் 0.25 மி.கி.யில் தொடங்கி நான்கு வாரத்துக்கொரு படியாக ஏற்ற வேண்டும். சீக்கிரம் இளைக்க ஆசைப்பட்டுப் படியைத் தாண்டினால் வாந்தி, நீரிழப்பு, அதனால் சிறுநீரகப் பாதிப்பு. மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி முதுகுக்குப் பரவினால் அது கணைய அழற்சியாக இருக்கலாம். ஊசியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை செல்லுங்கள். இன்சுலினோ, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு அவற்றின் அளவை மருத்துவர் குறைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த ஊசிகள் கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் செமாகுளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். ஊசியை விட்டவர்களுக்குக் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியதை ஆய்வு காட்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் போட்டுக்கொள்ளும் மருந்தல்ல இது.

அறுவை சிகிச்சையை ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 27.5 முதலே பரிசீலிக்கலாம் என 2022-இல் சர்வதேச அறுவை நிபுணர் சங்கங்கள் பரிந்துரைத்தன. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. நெஞ்செரிச்சல் ஏற்கெனவே கடுமையாக இருப்பவர்களுக்கு ஸ்லீவால் அது அதிகமாகலாம் என்பதால், இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் பொருத்தம். எதைச் செய்தாலும் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுளுக்கும் தொடர வேண்டும். ஓராண்டு ஒழுங்காகச் சாப்பிட்டு, உடம்பு நன்றாக இருக்கிறதென்று மாத்திரையை விடுபவர்களுக்குத்தான் பின்னால் ரத்தசோகையும் கால் மரத்துப்போவதும் வருகின்றன. அறுவைக்குப் பிறகான வாரங்களில் வாந்தி சில நாள் நீடித்தால் வீட்டிலேயே காத்திருக்காதீர்கள். தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்து பார்வை இரட்டையாவதும் நடை தள்ளாடுவதும் தொடங்கலாம். அவசரத்துக்கு வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அறுவை நடந்திருப்பதை முதலில் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி போட வேண்டும்.