தொழில்வாண்மை: சொல்லும் அதன் பொருளும்

திருகோணமலையில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ‘தொழில்வாண்மை விருத்தி’ என்ற தொடர் நன்றாகப் பழக்கம். ஆங்கிலத்தில் ‘புரொபஷனல்’ என்பதன் கருத்துக்கு இலங்கைத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் இது. தமிழ்நாட்டில் ‘தொழில்முறை’ என்பார்கள். தொழில்முறைக் கிரிக்கெட் வீரர் என்றால் பொழுதுபோக்குக்கு ஆடுபவர் அல்ல, அதுவே பிழைப்பு என்று விளங்கும். தொழில்வாண்மை அதைவிடக் கனமான சொல். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

‘புரொபஷனல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன். பலர் முன்னிலையில் வெளிப்படையாக அறிவிப்பது என்பதே அந்த வேர்ச்சொல்லின் பொருள். துறவு மடத்தில் சேர்வோர் எடுத்த உறுதிமொழிக்கு முதலில் வழங்கி, பின்னர் இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய தொழில்களுக்கும் வந்தது. ‘புரொபசர்’ என்பதும் அதே வேர்தான். தமிழில் ‘வாழ்நர்’ மருவி ‘வாணர்’ ஆனது. கலைவாணர் என்பதில் இருப்பது அதுவே. ஒரு தொழிலில் வேரூன்றி வாழ்பவரின் பண்பு என்று தொழில்வாண்மையைப் படிக்கலாம்.

இந்தச் சொல்லின் முழு எடையும் எனக்குத் தெரிவது தொழில்நுட்பத் தொடர்பாடலாளர்களைப் பார்க்கும்போதுதான். இயந்திரக் கையேடு, மென்பொருள் உதவிக் குறிப்பு, பாதுகாப்பு அறிவுறுத்தல் எல்லாம் எழுதுகிறவர்கள் அவர்கள். மருத்துவருக்கு மருத்துவ சபையில் பதிவு உண்டு, சட்டத்தரணிக்கு உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் உண்டு. இவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அப்போ யார் முன்னிலையில் உறுதி சொல்வது? தங்களைப் போல எழுதுகிற மற்றவர்கள் முன்னிலையில்தான். அமெரிக்காவில் 1953இல் வேர்விட்ட தொழில்நுட்பத் தொடர்பாடல் சங்கம் பல தலைமுறைகளுக்கு அந்த இடமாக இருந்தது. 2025இல் நிதி நெருக்கடியால் அது மூடப்பட்டது பெரிய இழப்பு. 2013இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் மென்பொருள் ஆவணம் எழுதுவோரின் மாநாடாகத் தொடங்கிய ‘ரைட் த டொக்ஸ்’ இன்னும் இயங்குகிறது. எழுத்தாளர்களோடு நிரலாளர்களும் வாடிக்கையாளர் உதவிப் பிரிவினரும் அதில் சேர்ந்துகொள்கிறார்கள்.

நம் ஊரிலும் இதற்கான தேவை இருக்கிறது. துறைமுகம், சீனக்குடாவின் மா ஆலை, எண்ணெய்க் குதங்கள், மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள், எல்லாவற்றுக்கும் அறிவுறுத்தல் வேண்டும், அதுவும் மூன்று மொழிகளில். படகு இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானை என்னவென்று எழுதுவது? பள்ளி விஞ்ஞானப் புத்தகத்தில் ‘ஆளி’. கடற்கரையில் ‘சுவிச்’. அவசரத்தில் கை போக வேண்டிய இடம் அது, ஆகவே நான் ‘சுவிச்’ என்றே எழுதுவேன். ஆனால் இதைத் தனியே மேசையில் இருந்து ஒருவர் தீர்மானிப்பது சரியல்ல. படகுக்காரர், பொறியியலாளர், சிங்களத்தில் அதே கையேட்டை எழுதுபவர் மூவரும் சேர்ந்து பார்த்தபின் எழுதினால்தான் அடுத்த கையேட்டிலும் அதே சொல் நிற்கும். அப்படி உருவாகும் ஒரு சொற்பட்டியல், பத்துச் சான்றிதழ்களைவிட எழுதுபவரை வளர்க்கும் என்று உறுதியாக நம்புகிறேன். இளையவர்களுக்கு நல்ல வாய்ப்பும் அதில் உண்டு. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தொடர்பாடல் படிப்பவர்களும் கணினி படிப்பவர்களும் இருக்கிறார்கள். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றின் உதவிப் பக்கங்களைத் தமிழில் சேர்ந்து எழுதத் தொடங்கினாலே போதும், ஒருவர் பிழையை மற்றவர் திருத்தும் பழக்கம் வந்துவிடும்.

இப்படி ஒரு துறையினர் சேர்ந்து இயங்குவதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரைச் சிலர் ‘சமூக ஈடுபாடு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். திருகோணமலையில் அது பொருந்தாது. இங்கே ‘சமூகம்’ என்றால் தமிழ், முஸ்லிம், சிங்களச் சமூகங்கள் நினைவுக்கு வரும். ‘சமூக ஈடுபாடு’ என்றால் சிரமதானம். ஒரே தொழில் செய்வோரின் கூட்டத்தைக் குறிக்க ‘துறைக்குழாம்’ தெளிவான சொல். விளையாட்டுக் குழாம் என்று பத்திரிகைகளில் ஏற்கெனவே புழங்குவதால் காதுக்கும் அந்நியமாக இராது. எழுதும்போது இப்படி வரும்: ‘தொழில்வாண்மை விருத்திக்காக அவர் துறைக்குழாத்தின் சொற்பட்டியல் பணியில் பங்கெடுக்கிறார்.’