பஞ்சு காதில், பிரச்சினை மூக்கில்

பொங்கல் லீவு முடிந்த வாரத்தில் எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தனியாக ஒரு வரிசையே நிற்கும். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள், டெல்லிக்குப் போய்த் திரும்பியவர்கள், மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு மணி நேரம் மட்டும் பறந்தவர்கள். எல்லோர் வாயிலும் ஒரே வசனம்: “பிளைட் இறங்கும்போது காது கப்புனு அடைச்சது டாக்டர், இன்னும் திறக்கலை.” இந்த முறை ஒருவர் காதில் பஞ்சோடே வந்து உட்கார்ந்தார். எடுத்துவிட்டுப் பார்த்தால் காதுச் சவ்வு உள்பக்கம் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அதற்குப் பின்னால் ரத்தம் கட்டிக் கருநீலம். கிளம்பும்போது சளி இருந்ததா என்று கேட்டேன். “நாலு நாளா நல்ல சளி டாக்டர். ஆனா பஞ்சு வெச்சுட்டேனே!”

அந்தப் ‘பஞ்சு வெச்சுட்டேனே’தான் என்னை இதை எழுத வைத்தது.

பஞ்சு காற்றழுத்தத்தைத் தடுக்காது. சல்லடை மாதிரி அது, காற்று தாராளமாகப் போய்வரும். சரி, காற்றே புகாதபடி எதையாவது வைத்து அடைத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பயனில்லை. கோளாறு சவ்வுக்கு வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. சவ்வுக்குப் பின்னால் இருக்கும் நடுக்காதுக்குக் காற்று போகிற ஒரே வழி மூக்கின் பின்புறத்திலிருந்து வரும் ஒரு மெல்லிய குழாய். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் அது திறக்கும். சளி பிடித்தால் அதன் வாய் வீங்கி ஒட்டிக்கொள்ளும். விமானம் இறங்க இறங்க வெளியே அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, உள்ளே ஈடுகட்டக் காற்று இல்லை, சவ்வு உள்ளே இழுபடுகிறது. இதில் பஞ்சுக்கு என்ன வேலை? எண்ணெயில் நனைத்த பஞ்சுக்கும் இதே பதில்தான். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய்க்கும் இதே பதில்தான். சூடான துணியைப் பேப்பர் கப்பில் போட்டுக் காதில் கவிழ்த்துக்கொள்வதும் அதே ரகம். கூடுதலாகக் காது சுட்டுக்கொள்ளும் அபாயம் வேறு. முன்பெல்லாம் உள்நாட்டு விமானங்களில் தட்டில் மிட்டாயும் பஞ்சும் வைத்து நீட்டுவார்கள். பஞ்சு இன்ஜின் இரைச்சலைக் கொஞ்சம் குறைத்திருக்கும், அவ்வளவுதான். காதைக் காப்பாற்றியது அந்த மிட்டாய். வாயில் போட்டால் எச்சில் ஊறும், விழுங்குவோம், குழாய் திறக்கும். நம் ஆட்கள் மிட்டாயைப் பையில் போட்டுக்கொண்டு பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த புகார், விமானத்தின் மேல். “அந்த பிளைட்டே சரியில்லை டாக்டர், பிரஷர் ஒழுங்கா வைக்கலை.” அப்படி நடந்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். 2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய விமானத்தில் கேபின் அழுத்தத்துக்கான சுவிட்சைப் போட மறந்துவிட்டார்கள். பல பயணிகளுக்குக் காதிலும் மூக்கிலும் ரத்தம் வந்து, விமானம் மும்பைக்கே திரும்பியது. ஆனால் அது அபூர்வம். அந்த மாதிரிக் கோளாறில் மேலே ஏறும்போதே முகமூடி தொங்கும், விமானமே அல்லோலகல்லோலப்படும். உங்களுக்கு மட்டும் வலித்து, பக்கத்து சீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் என்றால் கோளாறு விமானத்தில் இல்லை, உங்கள் மூக்கில்.

35,000 அடியில் பறந்தாலும் கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். கிட்டத்தட்டக் கொடைக்கானல். மலைப்பாதையில் பஸ் ஏறி இறங்கும்போது காது அடைப்பது எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி யாரும் என்னிடம் வந்து புலம்பியதில்லை. பஸ் வளைந்து வளைந்து மணிக்கணக்கில் இறங்குகிறது. விமானம் அரை மணி நேரத்தில் இறக்கிவிடுகிறது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் கேபின் அழுத்தத்தை 6,000 அடி அளவிலேயே வைத்திருக்கிறார்கள், ஈரப்பதமும் கொஞ்சம் கூடுதல். அதில் போனால் களைப்பு குறைவு என்று பயணிகள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் அடைத்த மூக்குக்கு எந்த விமானமும் பொறுப்பேற்காது. ‘ஒரு மணி நேரம்தானே’ என்ற கணக்கும் வேண்டாம். ஒரு மணி நேரம் பறந்தாலும் பத்து மணி நேரம் பறந்தாலும் இறங்கித்தானே ஆகவேண்டும்?

சரி, என்ன செய்யலாம்? நல்ல சளி, மூக்கடைப்பு, காது ஏற்கெனவே மந்தமாக இருக்கிறது என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். டிக்கெட் காசு போகும் என்று எனக்கும் தெரியும். விமானிக்கும் பணிப்பெண்ணுக்கும் சளி பிடித்துக் காது அடைத்தால் பறக்கக் கூடாது என்பதுதான் விதி. வேலையாகப் பறப்பவர்களுக்கே அப்படியென்றால் நமக்கு என்ன அவசரம்? தள்ளிப்போட முடியாத கல்யாணமோ சாவோ என்றால், பெரியவர்கள் ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் என்ற மூக்கடைப்புச் சொட்டு மருந்தை விமானம் இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் மூக்கில் விட்டுக்கொள்ளலாம். மூக்கில். மறுபடி சொல்கிறேன், மூக்கில். எழுதிக் கொடுத்ததைக் காதில் விட்டுக்கொண்டு “ஒண்ணும் கேக்கலை டாக்டர்” என்று வந்தவர்கள் உண்டு. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கண்ணழுத்த நோய் இருப்பவர்கள் முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். சிறு குழந்தைகளுக்கு நீங்களாக விடாதீர்கள். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளுக்கு மேல் யாரும் விடக்கூடாது. அது இல்லாமல் மூக்கே திறக்காது என்ற நிலைக்குக் கொண்டுபோய் விடும். அப்புறம் அதற்குத் தனியாக என்னிடம் வரவேண்டியிருக்கும்.

இறங்கும்போது தூங்காதீர்கள். தூக்கத்தில் நாம் விழுங்குவது குறைந்துவிடும். சளிக்கு ஒரு செட்ரிசின் மாத்திரை, இரண்டு பெக், கழுத்துத் தலையணை என்று கண்ணை மூடுபவர்கள்தான் சக்கரம் தரையில் பட்டதும் காதைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். அறிவிப்பு வருவதற்குள் பாதி இறக்கம் முடிந்திருக்கலாம்; எதிர்த் திரையில் உயரம் குறையத் தொடங்கியதுமே மிட்டாயை வாயில் போடுங்கள், தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதுவதும் உதவும். மெதுவாக. வலி வந்த பிறகு மூச்சைக் கட்டி முக்குவது உள்காதையே கெடுத்துவிடும். வலிப்பதற்கு முன்பே சிறிது சிறிதாகச் செய்ய வேண்டிய வேலை அது.

கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பக்கத்து சீட்டுக்காரர் முறைக்கிறார் என்று பயந்து, ஏறியதும் பால் கொடுத்துத் தூங்கவைத்து விடாதீர்கள். கொஞ்சம் பசியை மிச்சம் வைத்து, இறங்கும் நேரத்தில் பால் கொடுங்கள். குடிக்காவிட்டால் அழட்டும் அம்மா, அழுகையிலும் கொஞ்சம் காற்று உள்ளே போகும். முறைப்பவர் முறைத்துக்கொண்டு போகட்டும்.

சவ்வில் ஏற்கெனவே ஓட்டை இருப்பவர்தான் ரொம்பப் பயந்து போன் செய்வார். அவருக்கு அந்தக் காதில் இந்த வலி வராது. ஓட்டை வழியாகவே அழுத்தம் சரியாகிவிடும். காது ஆபரேஷன் செய்துகொண்டவர் கதை வேறு. உங்களுக்கு ஆபரேஷன் செய்தவர் நாள் சொல்லும் வரை விமானம் ஏறாதீர்கள்.

இறங்கிய பிறகு அடைப்பு மட்டும் என்றால் சில மணி நேரத்தில், அல்லது சில நாளில் தானாகத் திறக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். தலைசுற்றல், திடீரென்று ஒரு காது கேட்காமல் போவது, விடாத இரைச்சல், ரத்தம் கசிவது, இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே வாருங்கள், வீட்டில் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு இருக்காதீர்கள். சவ்வு கிழிந்திருந்தாலும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். அதுவரை தண்ணீர் படக்கூடாது, டாக்டரைக் கேட்காமல் எந்தச் சொட்டும் விடக்கூடாது.

“வியாழக்கிழமை ரிட்டர்ன் டிக்கெட் இருக்கு டாக்டர், போலாமா?” என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புபவர்களுக்கு: எனக்குத் தெரியாது. சவ்வுக்குப் பின்னால் நீரோ ரத்தமோ நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் சொல்ல முடியும். புதன்கிழமைக்குள் வந்து காட்டுங்கள். பஞ்சு இல்லாமல்.