சக்கரத்தைத் திருப்பிய எலியும் 23 வயது மகனும்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "நான் 16 வயதில் பேர் பதிந்து கொழுந்துக்குப் போனவள். மகனுக்கு 23. ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். போன் ரீலோட் காசிலிருந்து சப்பாத்து வரைக்கும் நான்தான் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் கோபம். ஒரு விண்ணப்பம் நிரப்புவதற்கும் என்னைத்தான் கூப்பிடுகிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் மூளையே இப்படியா, இல்லை ஏழரைச் சனியா?"

சனியை முதலில் அனுப்பிவிடுவோம். ஜோதிடக் கணக்குப்படியே பார்த்தாலும் எந்த நேரத்திலும் 12 ராசியில் 3 ராசிக்காரர்களுக்கு ஏழரை நடந்துகொண்டுதான் இருக்கும். அதாவது ஏறக்குறைய ஊரில் காற்பங்குப் பேருக்கு. மீதி முக்காற்பங்கில் இருக்கிற சோம்பேறிகளுக்கு யாரைக் காரணம் சொல்வது? பரிகாரத்துக்கென்று எடுத்து வைத்த காசு இருந்தால் அதை மகனின் பஸ் செலவுக்குக் கொடுங்கள், நேர்முகப் பரீட்சைக்காவது போய்வருவான்.

'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்ற புகாருக்கு வயது அதிகம். ஜான் புரோட்ஸ்கோ, ஜொனதன் ஸ்கூலர் என்ற இருவர் 2019இல் அமெரிக்கப் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில் வேடிக்கையான ஒன்று தெரிந்தது. நிறைய வாசிக்கிறவர்கள்தான் இன்றைய பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று அதிகம் குறைப்பட்டார்கள். இன்றைய தங்களை மனதில் வைத்துக்கொண்டு அன்றைய பிள்ளைகள் எல்லாரும் அப்படி இருந்ததாக நினைவு ஜோடித்துக் கொடுக்கிறது. புதிய தலைமுறைக்குத் 'தான்' என்ற எண்ணம் கூடிவிட்டது என்ற வாதமும் அமெரிக்க மாணவர்களிடம் எடுத்த கணக்குகளை வைத்து எழுந்ததுதான். 2017இல் வேறு ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களின் கணக்குகளைப் புதிதாக ஒப்பிட்டுப் பார்த்தபோது கூடவில்லை, கொஞ்சம் குறைந்தே இருந்தது.

மூளை முதிர்ச்சி பற்றியும் ஒரு வார்த்தை. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். இது உங்கள் மகனுக்கும் பொருந்தும், 16 வயதில் கூடை சுமந்த உங்களுக்கும் பொருந்தியது. ஆகவே தலைமுறை வித்தியாசத்தை இதை வைத்து விளக்க முடியாது.

சரி, அப்படியென்றால் ஒரு மூளை தானாக முயற்சி செய்ய எப்படிப் பழகுகிறது? எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான்.

1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். (இன்றைக்கு அதற்கு அனுமதி கிடைப்பது கடினம். கிடைக்கவும் கூடாது.) ஒரு கூட்ட நாய்கள் மின்னதிர்ச்சி வரும்போது தலையால் ஒரு பலகையைத் தள்ளினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு கூட்டத்துக்கு அதே அளவு அதிர்ச்சி, அதே நேரம். ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது, முதற்கூட்டத்தின் கணக்குப்படிதான் இவற்றுக்கும் நிற்கும். மறுநாள் ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற கூண்டில் விட்டபோது முதற்கூட்டம் தாண்டிவிட்டது. இரண்டாம் கூட்டத்தில் பெரும்பாலானவை படுத்துக்கொண்டு முனகின. 'எதைச் செய்தும் பயனில்லை' என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று முடிவு கட்டினார்கள். உளவியல் பாடநூல்களிலும் அது ஏறிவிட்டது.

அப்புறம் மையர் நரம்பியல் பக்கம் திரும்பி, கொலராடோ பல்கலைக்கழகத்தில் எலிகளின் மூளைக்குள் பார்க்கத் தொடங்கினார். அங்கே விஷயம் தலைகீழாக இருந்தது. மூளைத்தண்டில் டோர்சல் ராஃபே என்ற சின்ன நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. துன்பம் நீடித்தால் அது தானாகவே செரட்டோனின் என்ற, நரம்பணுக்கள் செய்தி கடத்துகிற ரசாயனத்தைக் கொட்டத் தொடங்கும். பயம் கூடும், தப்பிக்கும் முயற்சி அடங்கும். இதற்கு எந்தப் பாடமும் தேவையில்லை. ஒடுங்கிப்போவது பிறவியிலேயே இருக்கிற ஏற்பாடு. எலி கற்றுக்கொள்வது அதற்கு நேர் எதிரானதை: 'நான் செய்தேன், நின்றது' என்பதை.

அதைக் கண்டுபிடிப்பது முன்மூளையின் நடுப்பகுதியில் கீழ்ப்புறமாக உள்ள ஓரிடம். தன் செயலால் அதிர்ச்சி நிற்கிறது என்று தெரிந்ததும் அது ராஃபேக்குச் செய்தி அனுப்புகிறது. ஆனால் அங்கிருந்து வரும் நரம்புகள் தூண்டுகிற வகை, அடக்குகிற வகை அல்ல. அவை நேரே போய் ராஃபேயைத் தொட்டால் கொந்தளிப்பு கூடத்தானே செய்யும்? ஆகவே அவை பக்கத்தில் இருக்கிற, அடக்குகிற வகையான 'காபா' நரம்பணுக்களைத் தூண்டுகின்றன. அந்தக் காபா அணுக்கள் ராஃபேயின் செரட்டோனின் அணுக்களை அடக்குகின்றன. தோட்டத் துரை நேரே மலைக்கு இறங்கிச் சத்தம் போடாமல் கங்காணியிடம் சொல்லிவிடுகிற மாதிரி.

2005இல் மையரின் குழு இதைச் சோதித்த விதம் அழகு. எலிக்கு முன்னால் ஒரு சின்னச் சக்கரம். திருப்பினால் வாலில் வரும் அதிர்ச்சி நிற்கும். திருப்புகிற நேரத்தில் மட்டும் ஒரு மருந்தால் அந்த முன்மூளைப் பகுதியை அமர்த்திவிட்டார்கள். எலி வழக்கம்போலச் சக்கரத்தைத் திருப்பியது, அதிர்ச்சியையும் நிறுத்தியது. ஆனால் மறுநாள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாதிருந்த எலியைப் போலவே ஒடுங்கிக் கிடந்தது! கை செய்தது போதவில்லை. தன்னால்தான் நடந்தது என்பது முன்மூளையில் பதிய வேண்டியிருந்தது. இதை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அடுத்த வருடம் இன்னொன்றும் காட்டினார்கள். ஒருமுறை சக்கரத்தைத் திருப்பி வென்ற எலியை ஒரு வாரம் கழித்து, எதைச் செய்தும் தப்ப முடியாத அதிர்ச்சிக்குள் வைத்தாலும் அது ஒடுங்கவில்லை. முன்மூளை பழைய பழக்கத்தில் ராஃபேயை அடக்கிவிடுகிறது. பின்னால் நடந்த சோதனைகளில், இன்னோர் எலியிடம் தோற்றுப்போகிற வேறு விதமான துன்பத்திலும் இந்தப் பழக்கம் கைகொடுத்தது. 2016இல் மையரும் செலிக்மனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள்: நாங்கள் ஐம்பது வருடம் முன்பு சொன்னது தலைகீழ் என்று. விஞ்ஞானிகள் இப்படி எழுதும்போது எனக்கு அவர்கள் மீது மரியாதை கூடுகிறது. நம்மூர் ஜோசியர் யாராவது இப்படி எழுதிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இப்போது லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வருவோம். அம்மா, நீங்கள் 16 வயதில் வேலைக்குப் போனது உண்மை. அது சுதந்திரமா? எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்கவில்லை. மழை பெய்து கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். நிறுக்கிறவர் எவ்வளவு கழித்தாலும் அதுதான் கணக்கு. இருந்த காம்பராவும், அந்த லயத்து அறையும், தோட்டத்துக்குச் சொந்தம். சக்கரம் இருந்தது, திருப்பவும் திருப்பினீர்கள், அது எதையும் பெரிதாக மாற்றவில்லை. அதனால்தான் மகன் மலைக்குப் போகக்கூடாது என்று இருந்தீர்கள். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சைக்கு அவனை எழுப்பினீர்கள், டியூஷன் காசுக்காக நகையை அடகு வைத்தீர்கள், தேத்தண்ணியைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தீர்கள். எல்லாச் சக்கரத்தையும் அவனுக்காக நீங்களே திருப்பினீர்கள். நீங்கள் உழைத்தும் பலன் உங்கள் கையில் இருக்கவில்லை. அவனுக்குப் பலன் வந்தது, ஆனால் அது அவன் கையால் வரவில்லை. எலியின் முன்மூளைக்கு இரண்டிலும் பதிய ஒன்றுமில்லை.

எலியிலிருந்து மகனுக்கு ஒரேயடியாகத் தாவக்கூடாது என்பது எனக்கும் தெரியும். அன்போடு கொண்டுவந்து வைக்கிற தேத்தண்ணி மின்னதிர்ச்சி அல்ல. பெற்றோர் எல்லாவற்றிலும் தலையிடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதற்றம் அதிகம் என்று காட்டுகிற மனித ஆய்வுகள் பலவும் இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்றுதான் சொல்கின்றன. எது எதற்குக் காரணம் என்று அவற்றால் சொல்ல முடியாது. பதற்றமான பிள்ளையைப் பார்த்துத்தான் தாய் கூடுதலாகத் தலையிடுகிறாரோ என்னவோ. பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தால்தான் பிரித்தறியலாம். அதற்குக் காசு வேண்டும். இலங்கை ஆராய்ச்சிக்கு ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதம் அளவில்தான் நிற்கிறது. தலவாக்கலையில் தேயிலைச் செடிக்கென்று ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1925இல் தொடங்கப்பட்டது. செடிக்கு என்ன நோய் வரும், எந்த உயரத்தில் எது வளரும் என்பதெல்லாம் அங்கே அத்துப்படி. அதைப் பறிக்கிறவரின் பிள்ளை 23 வயதில் என்ன ஆகிறான் என்று பார்க்க அந்த மாதிரி ஒரு கட்டடத்தை நான் மலையகத்தில் கண்டதில்லை.

வெளியில் உள்ள சக்கரங்களும் சுழல வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வேலை தேடுகிற ஒரு பையன் பத்து விண்ணப்பம் போட்டுப் பத்துக்கும் பதில் வரவில்லையென்றால், 'பயனில்லை' என்று அவன் மூளை கணக்குப் போடுவதைத் திமிர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொழும்பில் கடை வேலைக்குப் போகிற பையன்கள் எல்லாரும் தன்காலில் நிற்கிறார்கள் என்றும் நான் நம்பவில்லை. முதலாளி வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை, சம்பளம் ஊருக்கு என்றால் அதுவும் இன்னொரு காம்பராதான்.

உங்கள் கேள்விக்கு நேரே பதில்: மகனுக்குப் புத்திமதி வேண்டாம், அது காதோடு நின்றுவிடும். செய்து பார்த்தால் விளைவு கண்முன்னே தெரிகிற ஒரு பொறுப்பைக் கொடுங்கள். கரண்ட் பில், கடைக் கொப்பி, தங்கச்சியின் பள்ளிக்கூடச் செலவு மூன்றையும் ஒரு தொகையோடு அவனிடம் ஒப்படையுங்கள். மிஞ்சினால் ரீலோட் அவனுடையது. முதல் மாதம் கணக்கு உதைக்கும், கடைக்காரர் உங்களிடம் வந்து கேட்பார். மகனிடம் கேட்கச் சொல்லி அனுப்பிவிடுங்கள். அடுத்த மாதமும் கொப்பி அவன் கையிலேயே இருக்கட்டும்.