விந்து இழப்பு என்னும் பழைய பயம்

திருமணத்துக்கு மூன்று வாரங்களே இருந்த நிலையில் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். தூக்கத்தில் விந்து வெளியேறிய நாட்களை ஓராண்டாகக் குறித்து வைத்திருந்த, நான்காக மடித்த தாளொன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். உடலில் எந்தக் குறையும் இல்லை. ஆயினும், "இனி நான் தேறுவேனா டாக்டர்?" என்று கேட்டபோது அவர் குரல் நடுங்கியது. அந்த மாதத்தில் இதே கேள்வியோடு வந்த ஐந்தாவது நபர் அவர்.

ஒரு துளி விந்து பல துளி ரத்தத்துக்குச் சமம் என்பது தவறு என்று எத்தனை முறைதான் சொல்வது? விந்து ரத்தத்தைச் சுண்டக் காய்ச்சி எடுத்த சாறு அன்று. அதன் பெரும்பகுதி விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். விந்தணுக்கள் அதில் மிகச் சிறு பங்கே. ஒருமுறை வெளியேறுவது சில மில்லிலிட்டர் மட்டுமே. உமிழ்நீரைப் போல உடல் அதைத் தொடர்ந்து சுரந்துகொண்டே இருக்கிறது. அடக்கி வைப்பதால் வலிமை கூடுவதில்லை; வெளியேறுவதால் நரம்பு தளர்வதும் இல்லை, முதுகெலும்பு தேய்வதும் இல்லை, ஆண்மை குன்றுவதும் இல்லை.

இந்த அச்சத்தை வளர்த்ததில் எங்கள் துறைக்கும் பங்குண்டு. சுயஇன்பமே பல கொடிய நோய்களுக்குக் காரணம் என்று சுவிட்சர்லாந்து மருத்துவர் திஸ்ஸோ 1760இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூலை, மருத்துவர்கள் நூறாண்டுக்கும் மேலாக வழிமொழிந்தார்கள். ஆண்களின் பாலியல் நடத்தை பற்றி 1948இல் அமெரிக்காவில் வெளியான கின்சி ஆய்வோ, பேட்டி கண்ட ஆண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அப்பழக்கம் இருந்ததைக் காட்டியது. பாடநூல்கள் திருத்தப்பட்டுவிட்டன. ஆனால் பதின்மூன்று வயதுப் பையனிடம் அதை யாரும் சொல்வதில்லை. அவன் நண்பர்களிடமும் விளம்பரங்களிலும் 18ஆம் நூற்றாண்டு மருத்துவத்தையே இன்றும் கற்றுக்கொள்கிறான்.

என்ன கலந்திருக்கிறது என்று அச்சிடாத வீரிய மாத்திரைகளை வாங்காதீர்கள். மூலிகை என்று விற்கப்படும் சிலவற்றில் வயாகராவில் உள்ள சில்டனாஃபில் என்னும் மருந்து பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவருக்கு அது ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். விந்தில் ரத்தம், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், மாதக்கணக்கில் நீடிக்கும் விரைப்பின்மை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் மட்டும் தாமதிக்காமல் வாருங்கள். விரைப்பின்மை சர்க்கரை நோய்க்கோ இதய நோய்க்கோ முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதால், நான் முதலில் ரத்தச் சர்க்கரையைத்தான் பார்ப்பேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகனின் படுக்கை விரிப்பில் கறை கண்டால் முகம் சுளிக்காமல், இந்த வயதில் இது இயல்பு என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அந்த இளைஞருக்கு அதை முதன்முதலில் சொன்னது நான்தான். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.