பதினெட்டு ஆனதும் உலகம் மாறிய அவதார்கள்

செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தை சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் திறந்தது. அதில் நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம், கடை போடலாம். அப்போது பெரியவர்களுக்கு மட்டுமே அனுமதி. 13 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 2005இல் டீன் செகண்ட் லைஃப் என்று தனி உலகம் வந்தது.

இரண்டுக்கும் நடுவே எப்படிப்பட்ட சுவர்? செகண்ட் லைஃபின் நிலம் பக்கத்துக்கு 256 மீட்டர் உள்ள சதுரங்களால் ஆனது. யார் எங்கே நிற்கிறார், எறிந்த பந்து எங்கே விழும் என்பதை எல்லாம் அந்தந்தச் சதுரத்துக்கான சர்வர் நிரல் கணக்கிடுகிறது. சாதாரணமாக டைப் செய்யும் பேச்சு 20 மீட்டருக்குள் நிற்பவர்களுக்குத்தான் போகும். எல்லையைத் தாண்டி நடந்தால் உங்கள் அவதாரை, அதாவது அங்கே உங்களுக்காக நடமாடும் உருவத்தை, பக்கத்துச் சதுரத்தின் சர்வர் வாங்கிக்கொள்ளும். இப்படிக் கைமாற்றிக்கொள்ளும் சர்வர்களின் கூட்டம்தான் கிரிட். பிள்ளைகளின் கிரிட்டுக்கும் பெரியவர்களின் கிரிட்டுக்கும் அப்போது இந்தக் கைமாற்றம் கிடையாது. நடுவில் வாசலே இல்லை.

பாதுகாப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் பிள்ளையின் உலகத்துக்குள் பெற்றோரே போக முடியாது. ஆசிரியர்களும் நியூயார்க்கின் குளோபல் கிட்ஸ் போன்ற அமைப்பினரும் பின்னணிச் சோதனைக்குப் பிறகே உள்ளே வரலாம். அப்போதும் தனியாக நிற்கும் தங்கள் நிலமான தீவோடு சரி. வயதைப் பொய்யாகச் சொல்லி நுழைபவரைத் தடுக்கவோ அன்று உறுதியான வழி இல்லை. விதியை மதித்த நல்லவர்கள்தான் வெளியே நின்றார்கள்.

எனக்கு இன்னும் மனசுக்குக் கஷ்டமாக இருப்பது பிறந்தநாள் விஷயம். 18 ஆனதும் கணக்கு பெரியவர்கள் கிரிட்டுக்கு மாறிவிடும். சேர்ந்து தீவு கட்டிய பதினேழு வயது நண்பர் அந்தப் பக்கமே நின்றுவிடுவார்.

2010 முடிவில் டீன் கிரிட்டை மூடிவிட்டு, 16, 17 வயதினரைப் பொது உலகத்துக்குள் விட்டார்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் அது யாருக்கு ஏற்றது என்று காட்டும் ஒரு தர அடையாளம் உண்டு. அந்த வயதினர் 'பொது' என்று குறித்த இடங்களுக்கு மட்டும் போகலாம். வயதுவந்தோர் சமாச்சாரங்கள் 2009இலேயே ஜிண்ட்ரா என்ற தனிக் கண்டத்துக்குப் போயிருந்தன. ஆட்களைப் பிரித்த சுவர் இடங்களைப் பிரிக்கும் சுவரானது.

ஆனால் ஆபத்து வருவது பெரும்பாலும் பேச்சு வழியாக. அதனால் பிள்ளைகள் அதிகம் விளையாடும் ரோப்ளாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளம் 2025 நவம்பரில் அறிவித்த முறை எனக்குச் சரியாகப் படுகிறது. சாட் வேண்டுமென்றால் வயதைச் சரிபார்த்தாக வேண்டும், அதைக் கேமரா முன் முகத்தைக் காட்டிச் செய்யலாம். நீங்கள் யார் என்று மென்பொருள் தேடுவதில்லை. வயது தெரிந்த ஏராளமான முகங்களிலிருந்து கற்றதை வைத்து ஓர் எண்ணை ஊகிக்கிறது. பதினேழையும் பதினெட்டையும் முகத்தை வைத்துப் பிரிக்க முடியாது, ஓரிரு வருஷம் முன்பின் ஆகும். அதனால்தான் 9க்குக் கீழ், 9–12, 13–15, 16–17, 18–20, 21க்கு மேல் என்று அடுக்குகள். உங்கள் அடுக்கோடும் பக்கத்து அடுக்கோடும் பேசலாம். பத்து வயதுப் பிள்ளையும் முப்பது வயதுக்காரரும் ஒரே மைதானத்தில் ஓடலாம், முன்பின் தெரியாத அந்த ஆளின் பேச்சு மட்டும் பிள்ளைக்குப் போய்ச் சேராது.

சரி, சொந்த மாமாவோடு பேச வேண்டுமென்றால்? 13 வயதுக்கு மேற்பட்டவர்கள் நேரில் தெரிந்த பெரியவரை நம்பிக்கையான தொடர்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு வழி, இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் போனில் தெரியும் க்யூஆர் கோடை மற்றவர் ஸ்கேன் செய்வது.